யார் மேல? எங்கேர்ந்து? எதனால?

என்னை இதை எழுதச் சொன்னவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது, செல்போனில் கதை கேட்கும் ஒரு செயலிக்காக. இப்போது அங்கே மனிதர்கள் குரல் கொடுப்பதில்லை; கணினி வாசிக்கிறது. கதை கேட்பவர்கள் கொலைகாரரை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்களா என்று பார்ப்பதும் கணினிதான். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். "அக்கா, நீங்க எப்படி சந்தேகப்படுவீங்கன்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன். எங்களுக்கு யூஸ் ஆகும்." யாருக்கு யூஸ் ஆகும் என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவர்களுக்குத் தராமல் பத்திரிகைக்கு எழுதுகிறேன். வேண்டுமென்றால் அவர்களும் எல்லோரையும் போல வாங்கிப் படிக்கட்டும்.

நெய்வேலியில் ஓய்வு பெறுவது என்றால் மாலை போட்டு, பலகாரம் கொடுத்து, வண்டியில் ஏற்றி குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அது பெர்மனன்ட் ஆட்களுக்கு. எனக்கு முப்பத்திரண்டு வயதில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு நான் ஓய்வு பெற்றேன்.

எங்கள் ஊர் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்த முதல் ஆள் நான். அதுவும் ஆங்கில இலக்கியம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. வேலை கிடைத்ததும் அம்மா தெருவில் சொல்லிக்கொண்டு வந்தார். "எம்மவளுக்குக் கத படிச்சி சந்தேகப்படற வேல. மாசாமாசம் சம்பளம்." பக்கத்து வீட்டுக்காரம்மா உடனே கேட்டார்: "அதுக்கு எதுக்குடி காலேஜி? எங்க மாமியா சும்மாவே பண்ணிக்கினு இருக்குதே."

ஆனால் அது சும்மா செய்யும் வேலை இல்லை.

எங்கள் பிரிவு தயாரித்தவை எல்லாம் விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் நடக்கிற காதல் கதைகள். ஒரு பெரிய மாளிகை இருக்கும். அங்கே வேலைக்கு வந்து சேரும் ஆதரவில்லாத பெண் ஒருத்தி, முகம் கொடுத்துப் பேசாத பிரபு ஒருவர், அவர் வீட்டில் யாரும் வாய்திறக்காத ஒரு பழைய சாவு. காதல் கைகூட வேண்டுமென்றால் அந்தச் சாவுக்குக் காரணமானவர் வெளியே வர வேண்டும். திருச்சியிலிருந்து ஓர் எழுத்தாளர் அத்தியாயம் அத்தியாயமாக அனுப்புவார். கேட்பவர்கள் விருத்தாசலத்திலும் திண்டிவனத்திலும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். புகை படிந்த லண்டன் தெருவை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கலாம். கொடியில் காயப் போட்ட வெள்ளைத் துணி மேல் கரி விழுவதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலுவலகம் வடக்குத்து மெயின் ரோட்டில், டயர் கடைக்கு மேலே மாடியில். மூன்றே பேர். பிரிவை நடத்திய வசந்தா மேடம், நான், குரல் கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா.

வசந்தா மேடம் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா மைன்ஸில் விபத்து நடந்தால் விசாரிக்கப் போகிற அதிகாரியாக இருந்தவர். வீட்டில் தட்டு உடைந்தாலும் அவர் கேட்டது மூன்றே கேள்விகள்தானாம். அதை மேடம் அப்படியே எங்கள் வேலைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒலிப்பதிவுக்கு முன்னால் தாளில் அச்செடுத்து என்னிடம் கொடுப்பார். முடிவு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. படித்துவிட்டு அவர் எதிரில் போய் உட்கார வேண்டும்.

"யார் மேல?"

"வீட்டு நிர்வாகி அம்மா மேல, மேடம்."

"எங்கேர்ந்து?"

"சாவிக் கொத்தை மாத்தி வெச்ச எடத்துலேர்ந்து."

"எதனால?"

இந்த மூன்றாவதில்தான் நிறைய பேர் ஓடிப்போனார்கள். எனக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்த பெண்கள், "என்னவோ தோணுது மேடம்" என்பார்களாம். மேடம் தலையைத் தூக்காமல் சொல்வார்: "தாள்ல இருக்கா?" தாளில் இல்லாத சந்தேகம் சந்தேகமே இல்லை. அதே சமயம், தாளில் இருப்பதை வைத்து நான் சரியான ஆளைச் சீக்கிரம் பிடித்துவிட்டால் அத்தியாயம் திருச்சிக்குத் திரும்பிப் போகும். அவர் அதை மாற்றி எழுதுவார். காரணமே இல்லாமல் ஓர் ஆள் மேல் சந்தேகம் விழும்படி எழுதியிருந்தாலும் திரும்பிப் போகும். "கேக்கறவங்கள ஏமாத்தலாம் கலா, அநியாயம் பண்ணக் கூடாது" என்பார்.

நான் சொல்வதைக் கேட்கும்போது மேடம் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருப்பார். நான் சொன்னது சரியா தப்பா என்று முகம் காட்டிவிடக் கூடாது என்பதற்காகக் குனிந்தே இருப்பார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். சரியான பெயரைச் சொன்னால் ஊசி ஒரு தையல் தாமதமாகும். ஒருநாள் வேண்டுமென்றே வரிசையாகப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். தோட்டக்காரர், வக்கீல், பிரபுவின் சித்தப்பா. சித்தப்பாவில் ஊசி நின்றது.

"சித்தப்பாதான் மேடம்."

"எதனால?"

"ஊசியால."

மேடம் புடவையை மடித்து வைத்தார். மறுநாளிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சன்னலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். வருஷக்கணக்காக அந்த முதுகிடம்தான் என் சந்தேகங்களை எல்லாம் சொன்னேன்.

இன்னொரு விதியும் உண்டு. ஒலிப்பதிவு செய்ததை நான் கேட்கக் கூடாது. குரலைக் கேட்டால் அடுத்த அத்தியாயத்தைப் படிக்கும்போதும் காதில் அதுவே ஓடும், தாளைப் பார்க்க விடாது என்பது மேடம் கணக்கு. ஸ்டெல்லா அக்காவுக்கோ நேர்மாறான ஏற்பாடு. ஒவ்வொரு கதையும் தொடங்கும் முன் அவரை உட்கார வைத்து முழுக் கதையையும் முடிவு வரை மேடம் சொல்லிவிடுவார். குரல் கொடுப்பவர் தயாராக வேண்டும் அல்லவா. ஆக, முடிவு தெரிந்தவர்கள் மூன்று பேர். எழுத்தாளர், மேடம், ஸ்டெல்லா அக்கா.

ஸ்டெல்லா அக்கா முத்தாண்டிக்குப்பத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பார். அவருடைய கணவர் சேவியர் அண்ணன் மைன்ஸில் கான்ட்ராக்ட் டிரைவர். ஒலிப்பதிவு அறை என்பது சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த பழைய சாமான் அறைதான். உள்ளே பதிவு நடந்தால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியாத நேரத்தில் நாங்கள் பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும். சாப்பாட்டு வேளையில் அக்கா என்னைக் கிண்டல் செய்வார். "யார் மேலடி? இந்தக் கொழம்பு மேலயா? எங்கேர்ந்து? உப்புலேர்ந்தா?"

அந்தக் கதை வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. எலினார் என்ற பெண் அபூர்வமான செடிகளைப் படம் வரைய ஒரு மாளிகைக்கு வருகிறாள். பிரபுவின் தங்கை முன்பு அங்கே விஷத்தால் செத்திருக்கிறாள். பிரபு முரடர். அந்த வீட்டுக்கு வந்து போகும் மருத்துவர் அன்பானவர், எலினாரைக் காதலிப்பவர். அத்தியாயத்துக்கு அத்தியாயம் நான் பிரபு மேல்தான் சந்தேகம் சொன்னேன். கையுறையை எரித்தார், தங்கை பெயரைச் சொன்னால் எழுந்து போனார், எல்லாம் தாளில் இருந்தது. மேடத்தின் முதுகு திருப்தியாகத் தெரிந்தது.

ஆனால் நாலாவது அத்தியாயம் வெளியானதுமே செயலியில் கதைக்குக் கீழே கேட்பவர்கள் கருத்து எழுதத் தொடங்கினார்கள். 'மருத்துவர்தான்.' 'அந்த டாக்டர் ஆள் சரியில்ல.' 'டாக்டர நம்பாதே எலினார்.' ஒருவர் இருவர் இல்லை. இதற்கு முந்தைய இரண்டு கதைகளிலும் இப்படியே நடந்திருந்தது. அவற்றிலும் தாளில் நான் கடைசி வரை கோட்டை விட்ட ஆளைக் கேட்டவர்கள் பாதியிலேயே பிடித்திருந்தார்கள்.

மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தது. "உங்க ஆபீஸ்ல எங்கயோ ஓட்டை இருக்கு. அடைக்கறீங்களா, இல்ல தமிழ்ப் பிரிவை வேற ஊருக்கு மாத்தவா?"

அன்று மத்தியானம் மேடம் ஸ்டெல்லா அக்காவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க ஸ்டெல்லா. நான் கூப்பிடறேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எங்கள் ஆட்கள் நடுவில் இப்படி ஒரு பேச்சு ஊர் போய்ச் சேர வண்டி வேண்டாம், தானே போகும். அந்த வாரமே முத்தாண்டிக்குப்பத்தில், ஸ்டெல்லா ஆபீஸில் எதையோ திருடி மாட்டிக்கொண்டாள் என்று ஆகிவிட்டது. என்ன திருடினாள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் வாசிக்க எழுந்து போகவில்லை. கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்தாராம்.

என் தொழில் சந்தேகப்படுவது. நானும் சும்மா இருக்கவில்லை. திருச்சிக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். தன் கதையைத் தானே அவிழ்த்து அவருக்கு என்ன லாபம்? மேடம் மேல் சந்தேகப்பட்டேன். சேவியர் அண்ணன் மேலும் பட்டேன். அவர் எப்போது பார்த்தாலும் செல்போனும் கையுமாக இருப்பவர். ஆனால் 'எதனால' என்று என்னையே கேட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. செல்போன் வைத்திருப்பதுதான் காரணம் என்றால் டயர் கடைக்காரரையும் பிடிக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த என் அக்காவைப் பார்க்க ஒருநாள் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் கீரைக் கட்டுகளோடு. ஒருவர் போனில் சத்தமாகக் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்காவின் குரல். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பஸ்ஸில் அப்படி உட்கார முடியுமா?

மருத்துவர் எலினாரிடம் பேசினார். "உங்கள் கைகள் குளிர்ந்திருக்கின்றன. நெருப்புக்கு அருகில் வாருங்கள்."

கீரைக்காரம்மா போனைத் தட்டிக் காட்டினார். "ந்தா, இவந்தான். இவந்தான் மருந்து வச்சிக் கொன்னவன்."

பக்கத்திலிருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல மனுசன போயி. குளிருதுன்னு கூப்பிடறான். ஒன் வூட்டுக்காரன் அப்படி ஒரு வார்த்த கேட்டுக்கீறானா?"

"கேட்டாத்தான் எனக்கு சந்தேகமே வரும்."

நான் முன்னால் குனிந்தேன். "ஏங்க, இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத படிக்கிற பொண்ணு பேசறத கேளேன். மத்தவங்களுக்கெல்லாம் நல்லா வாயத் தொறந்து பேசுது. முரடன் ஒருத்தன் வரான் பாரு, அவனுக்குக்கூட. இந்த டாக்டரு பேசறப்ப மட்டும் தொண்டைய இறுக்கிக்கிது. வாயில வச்ச பண்டம் புடிக்கலன்னா மென்னுக்கினே இருப்பமே, அப்படி."

அந்தச் செயலி என் போனில் இல்லவே இல்லை, விதி அப்படி. அன்றுதான் இறக்கினேன். சேத்தியாத்தோப்பு பஸ் நிலையத்தில் நின்றபடியே பழைய இரண்டு கதைகளையும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டேன். கீரைக்காரம்மா சொன்னது சரிதான். ஸ்டெல்லா அக்காவுக்கு முடிவு தெரியும். கொன்றவன் எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும் அந்த இனிப்பை அவரால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. இது அவருக்கே தெரிந்திருக்காது. ஓட்டை இருந்தது தொண்டையில். நாங்கள் மூன்று பேருமே வெளியான கதையைக் கேட்டதில்லை. எனக்கு விதி, மேடத்துக்கு நேரமில்லை, அக்காவுக்குத் தன் குரலைக் கேட்டால் கூச்சம்.

மறுநாள் மேடத்தின் முதுகிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"தாள்ல இருக்கா?"

"தாள்ல இல்ல மேடம். தொண்டைல இருக்கு."

"நல்லாக் காப்பாத்தற கலா, உன் ஃப்ரெண்டை."

"அடுத்த கதைக்கு முடிவ சொல்லாம அவங்கள படிக்க வெச்சுப் பாருங்க. அப்பவும் கேக்கறவங்க கண்டுபிடிச்சா என்னையும் வீட்ல இருக்கச் சொல்லுங்க."

அந்த முதுகு, "கூப்பிடு" என்றது.

கூப்பிடுவது லேசாக இல்லை. முத்தாண்டிக்குப்பம் போனபோது அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். சேவியர் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"நான் திருடி. என்ன எதுக்குக் கூப்புடறாங்க?" என்றார் அக்கா.

நான் கீரைக்காரம்மா சொன்னதைச் சொன்னேன். போனில் போட்டும் காட்டினேன். தன் குரலை முதல்முறையாக அவர் உட்கார்ந்து கேட்டார். மருத்துவர் பேசும் இடம் வந்ததும் கையிலிருந்த சட்டையைப் பிழிவதை நிறுத்தினார்.

"ஆமாண்டி," என்றார் மெதுவாக. "இவன் அந்தப் பொண்ணக் கொன்னதுதான் எனக்குத் தெரியுமே. தெரிஞ்சிக்கினு எப்படி நல்லாப் பேசறது?"

"அதான்க்கா. இந்தத் தடவ தெரியாம பேசுங்க."

"பேசிட்டு?"

"பேசிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் நான் பார்த்துக்கறன்," என்றார் அக்கா. அதைச் சொன்ன விதம் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

புதிய கதையில் அவருக்கு முடிவு சொல்லவில்லை. என்னைப் போலவே அவரும் அத்தியாயம் அத்தியாயமாக வாங்கிப் படித்தார். முதல் சில அத்தியாயங்கள் வெளியானதும் கீழே எழுதியதைப் பார்த்தோம். ஒருவர் வக்கீல் என்றார். ஒருவர் சமையல்காரி என்றார். ஒருவர் கதாநாயகியே கொலைகாரி என்று அடித்துச் சொன்னார். 'முன்ன மாதிரி இல்ல, கண்டுபுடிக்கவே முடியல' என்று கோபமாகவும் சிலர் எழுதியிருந்தார்கள். கேட்பவர்களுக்கு எங்கள் ஓட்டை பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மேலிடத்திலிருந்து பாராட்டி ஃபோன் வந்தது. மேடம் அன்று எல்லோருக்கும் வடை வாங்கி வரச் சொன்னார். "சரி, எல்லாம் தெளிஞ்சிருச்சு. ஸ்டெல்லா, பழையபடி தினம் வந்துருங்க," என்றார். அவ்வளவுதான். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வடையைத் தொடவில்லை. ஒலிப்பதிவு அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்ங்க."

"சொல்லுங்க."

"யார் மேல?"

மேடத்தின் முதுகு அசையவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து அக்கா எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஸ்டெல்லா இது? அதான் முடிஞ்சிருச்சே."

"முடியலங்க. கதைல வர வெள்ளக்காரனுக்கெல்லாம் கேட்டீங்க. எனக்குக் கேக்கல. யார் மேல மேடம்?"

"உங்க மேல," என்றார் மேடம், சன்னலைப் பார்த்தபடி.

"மூஞ்சப் பார்த்து சொல்லுங்க."

மேடம் எழுந்தார். வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். உட்கார்ந்தார். ஊசி விஷயத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வயதாகியிருந்தது.

"உங்க மேல."

"எங்கேர்ந்து?"

"ஃபோன் வந்த நாள்லேர்ந்து." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல. உங்களை வேலைக்கு எடுத்தப்பவே கொஞ்சம் யோசிச்சேன்."

"எதனால?"

"முடிவு தெரிஞ்ச மூணு பேர்ல நீங்க ஒருத்தர்."

"மத்த ரெண்டு பேரும் வேலைலதான இருந்தாங்க?"

"உங்க வீட்டுக்காரர் கான்ட்ராக்ட்ல இருக்கறவர். நாலு எடம் போறவர். நாலு பேர்கிட்ட பேசறவர். வெளில பேச்சு போயிருக்கும்னு…"

"எங்கப்பாவும் கான்ட்ராக்ட்தான் மேடம்," என்றேன். அதுவரை அந்த அலுவலகத்தில் நான் அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. மேடம் என்னைப் பார்த்தார். முடிவு மட்டும் எனக்கும் தெரிந்திருந்தால் எங்கள் இரண்டு பேரில் யாரை வீட்டில் இருக்கச் சொல்லியிருப்போம் என்று அவரும் அப்போது நினைத்திருக்க வேண்டும். அது என் சந்தேகம். காரணம் உண்டு: அவர் என்னைவிட்டுச் சட்டென்று பார்வையை எடுத்தார்.

"தாள்ல இருக்கா மேடம்?" என்றார் அக்கா.

"இல்ல."

"எதுவுமே?"

"எதுவும் இல்ல ஸ்டெல்லா."

"அப்ப அந்த அத்தியாயம் திரும்பிப் போவணும்ங்க. அதான இங்க வழக்கம்? மாத்தி எழுதணும். எங்க ஊர்ல வந்து, கோயில் முடிஞ்சி எல்லாரும் வெளில வர நேரத்துல, நாலு பேரு கேக்க மாத்திச் சொல்லணும்."

மேடம் தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனார். நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் நின்று, "எங்க ஆபீஸ்ல நடந்த தப்புக்கு ஸ்டெல்லா காரணம் இல்ல. தப்பா சந்தேகப்பட்டது நான்" என்று சொன்னார். தெளிவாகச் சொன்னார். சேவியர் அண்ணன் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. அடுத்த வாரம் அக்கா மறுபடி வாசகம் வாசிக்க எழுந்து போனதாகக் கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை வேலை எப்போதும் போலத் தொடங்கியது. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் புது அத்தியாயத்தைப் படித்து முடித்துத் தாள்களோடு எழுந்தேன். நாற்காலி என்னைப் பார்த்தபடியேதான் கிடந்தது. மேடம் அதைத் திருப்பிப் போடவில்லை.

"யார் மேல?" என்றார்.

"பாதிரியார் மேல மேடம்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் குனியவில்லை. "எங்கேர்ந்து?" என்று கேட்டார். நான் சொன்னேன். "எதனால?" என்று கேட்டார். தாளைப் புரட்டி அந்த இடத்தைக் காட்டினேன். அத்தியாயம் திரும்பிப் போனது.